சத்தம் குறைஞ்சா வயிறு கலங்குதுங்க: பிளேன் பயத்துக்கு வழி இருக்கா?

கோபியில் இருந்து ஒரு வாசகி, 2025 ஜூலை 19, மாலை 4.10

மகளுக்கு நவம்பரில் சிங்கப்பூரில் பிரசவம். தலைப்பிரசவம், நான் போயே ஆக வேண்டும். எனக்கு வயது 56. இதுவரை இரண்டு தடவை பிளேன் ஏறியிருக்கிறேன். இரண்டு தடவையும் பெல்ட் போட்டதில் இருந்து இறங்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை. அகமதாபாத் விமான விபத்து வீடியோ பார்த்ததில் இருந்து ராத்திரித் தூக்கமும் போய்விட்டது. இந்தப் பயத்தோடு போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தைரியம் சொல்ல வேண்டாம்ங்க, அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

தறிக்காரன், சோமனூர், ஜூலை 19, இரவு 11.20

அக்கா, நான் இருக்கிறேன்.

2011இல் முதல் தடவை ஏறினேன். கோவையில் இருந்து சென்னை, சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஓடி, ஏறி, எல்லாம் சரியாகத்தான் போனது. ஏறி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, இன்ஜின் சத்தம் திடீரென்று அடங்கியது. உடம்பு கீழே போவது போல இருந்தது. முடிந்தது கதை என்று நினைத்துப் பக்கத்து சீட்டுப் பெரியவரின் தொடையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். அவர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "ஏனுங் தம்பி, மொதத் தடவைங்களா?" என்றார். கை எடுக்க மனம் வரவில்லை. மீனம்பாக்கம் வரை அந்தத் தொடை என்னிடம்தான் இருந்தது.

திரும்பி வந்தது சேரன் எக்ஸ்பிரஸில். அதற்குப் பிறகு 12 வருடம் ரயில்தான். டெல்லிக்குக்கூட இரண்டு ராத்திரி உட்கார்ந்து போனவன் நான். கேட்டவர்களிடம் "ரயில்லதான் ஊர் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டேன். 2023இல்தான் மறுபடி ஏறினேன். இப்போது வருடத்துக்கு நாலைந்து தடவை போகிறேன். பயம் போய்விட்டதா என்று கேட்டால், அதை அப்புறம் சொல்கிறேன்.

ஜூலை 20, காலை 6.05

நேற்று எழுதிவிட்டுப் படுத்தவனுக்கு விடிகாலையில் ஒன்று தோன்றியது. கரண்ட் போய் முழிப்பு வந்ததுதான் காரணம்.

வீட்டுச் சுவரை ஒட்டி 24 தறி ஓடுகிறது. வெளியூர் ஒறம்பரை வந்தால் அந்தச் சத்தத்தில் ஒரு பொட்டுத் தூங்க மாட்டார்கள். எங்களுக்கு அது தாலாட்டு. ஆனால் தறி நின்றால் வீடே எழுந்து உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு தறி நின்றாலும் காதுக்குத் தெரியும். பாவு அறுந்திருக்கும், இல்லை நாடா சிக்கியிருக்கும். சத்தம் குறைந்தால் எதுவோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். முப்பது வருடமாக இந்த உடம்புக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு நடுவானத்தில் சத்தத்தைக் குறைத்தால் என்ன ஆகும்?

ஜூலை 20, இரவு 9.50

எந்தச் சத்தம் எதனால் என்று கேட்கிறீர்கள், வரிசையாகச் சொல்கிறேன். நம் ஊரில் இருந்து போகிறவை பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 வகை, அதை வைத்துச் சொல்கிறேன்.

ஏறி உட்கார்ந்ததும் காலுக்கடியில் நாய் குரைக்கும். விளையாட்டு இல்லை. "வுஃப், வுஃப், வுஃப்" என்று ஒரு சத்தம், சரக்கு அறையில் யாரோ ராஜபாளையம் நாயைக் கட்டிப்போட்டது போல. அந்த விமானத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் ஓடும் சுற்றுகள் தனித்தனியாக உண்டு. ஒன்றில் அழுத்தம் குறைவாக இருந்தால் மற்றதில் இருந்து தள்ளிக்கொடுக்க ஒரு பம்பு வைத்திருக்கிறார்கள். அது விட்டுவிட்டு வேலை செய்யும் சத்தம்தான் குரைப்பு. முதல் தடவை கேட்டபோது இறங்கிப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

மேலே கிளம்பிய உடனே கீழே "டொம்" என்று ஒன்று கேட்கும். சக்கரம் உள்ளே போய்க் கதவு மூடுகிறது. அதற்கப்புறம்தான் என் பழைய எதிரி. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி உயரம் வந்ததும் இன்ஜினைப் பாதி அணைத்துவிடுவார்கள். ஓடுபாதையை விட்டு எழும்பத்தான் முழு மூச்சு வேண்டும், அதற்குமேல் அவ்வளவு தேவையில்லை. சத்தம் குறையும், ஏறும் வேகமும் கொஞ்சம் தணியும். நம் உள்காது அதைக் கீழே விழுவதாகக் கணக்குப் போடும். உண்மையில் விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கொஞ்சம் கழித்து இறக்கையில் இருந்து "கீ..." என்று மோட்டார் சத்தம். புறப்படும்போது நீட்டி வைத்த மடல்களை உள்ளே இழுக்கிறார்கள்.

இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் முக்கால் பயம் போய்விடும்.

ஜூலை 22

திருத்தம். "பாதி அணைத்துவிடுவார்கள்" என்று எழுதியதற்குப் பீளமேட்டு நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி. எதையும் அணைப்பதில்லை, இரண்டு இன்ஜினும் ஓடும். உந்துவிசையை மட்டும் புறப்படும் அளவில் இருந்து ஏறும் அளவுக்குக் குறைக்கிறார்கள். தறியை நிறுத்துவதற்கும் வேகத்தைக் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம். இதை நான் போய்த் தப்பாக எழுதியிருக்கக் கூடாது.

ஜூலை 25, இரவு

அகமதாபாத் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்லாமல் தள்ளிப்போட்டேன், உண்மைதான்.

ஜூன் 12 அன்று விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் போய்விட்டார்கள். தரையிலும் உயிர்கள் போயின. "புள்ளிவிவரப்படி விமானம்தான் பாதுகாப்பு" என்று அந்த வீடியோவைப் பார்த்தவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு நா எழாது. இந்த மாதம் வந்த முதற்கட்ட அறிக்கையில், புறப்பட்ட சில நொடிகளிலேயே இரண்டு இன்ஜினுக்கும் எரிபொருள் விடும் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் நிறுத்த நிலைக்குப் போயிருந்ததாக இருக்கிறது. ஏன் என்பதற்கு விசாரணை முடியவில்லை. தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள், அது வேறு.

அக்கா, ஒன்றே ஒன்று. அந்த வீடியோவைப் போனில் இருந்து அழியுங்கள். எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? நான் எண்ணிப் பார்த்தேன், முதல் இரண்டு நாளில் பதினேழு. பதினேழு விபத்தைப் பார்த்ததாகத்தான் மனசு எழுதி வைத்துக்கொள்கிறது.

தப்பித்தவர் உட்கார்ந்திருந்த 11ஏ சீட்டைக் கேட்டு வாங்குகிறார்கள் என்றும் படித்தேன். ஒவ்வொரு வகை விமானத்திலும் 11ஏ ஒவ்வொரு இடத்தில் இருக்கும். ஏ320இல் அதில் உட்கார்ந்தால் நன்றாகச் சன்னல் தெரியும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

பவானி கூடுதுறைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். வழியெல்லாம் காற்று. அவிநாசி தாண்டி இரண்டு இடத்தில் பேனர் கிழிந்து ரோட்டில் கிடக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது பிளேன் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்டதற்கு இன்று பதில் எழுதினால்தான் பொருத்தம்.

பாலக்காட்டுக் கணவாய் இல்லையென்றால் நமக்கு இந்தக் காற்றே இல்லை. மேற்கு மலைத்தொடரில் அங்கே மட்டும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்கு வாசல் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்துப் புகுந்து வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பது அதனால்தான். விமானத்துக்கு இந்தக் காற்று பகை இல்லை. எதிர்க்காற்றில்தான் அது எழும்பும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். நம் கோவை ஓடுபாதை தென்மேற்கு, வடகிழக்காகக் கிடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இந்த மாதங்களில் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் தாழ்ந்து வந்து, காற்றுக்கு முகம் கொடுத்து இறங்கும். மொட்டை மாடியில் நின்றால் வயிறு தெரியும். ஆடும், சாயும், ஆனால் போய் உட்கார்ந்துவிடும்.

குலுக்கலில் இறக்கை ஒடியாதா என்பது எனக்கும் இருந்த கேள்வி. சன்னல் வழியாக அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்து நான் சாமி கும்பிட்டிருக்கிறேன். ஆடுவதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பறக்கும்போது அதிகபட்சம் எவ்வளவு பாரம் வரலாம் என்று கணக்குப் போட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்குகிறதா என்று தரையில் வைத்து வளைத்துப் பார்த்துத்தான் அனுமதி தருகிறார்கள். போயிங் 787க்கு 2010இல் அந்தச் சோதனை நடந்தபோது இறக்கையின் நுனி சுமார் 25 அடி மேலே வளைந்தது. ஒடியவில்லை. மூங்கில் மாதிரி.

போன வருடம் மே மாதம் லண்டனில் இருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மர் மேலே குலுங்கி ஒருவர் இறந்தாரே, அதை ஞாபகம் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். "ஆறாயிரம் அடி விழுந்தது" என்று செய்தியில் வந்தது. விசாரணையில் தெரிந்தது 178 அடி, ஐந்து நொடிக்குள். நாலு தென்னை மர உயரம். ஆறாயிரம் அடி இறங்கியது அதற்கப்புறம் விமானிகளே வேண்டுமென்று இறக்கியது. அடிபட்டது எதனால்? சிலர் பெல்ட் போடாமல் இருந்தார்கள், சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து எங்கேயாவது போகாதவரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள், விளக்கு அணைந்திருந்தாலும் சரி. கூரையில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

இறக்கைக்கு மேலே இருக்கிற வரிசை கேளுங்கள், ஆட்டம் குறைவு. கடைசி வரிசை டவுன் பஸ்ஸின் கடைசி சீட் மாதிரி.

ஆகஸ்ட் 4

பொள்ளாச்சி நண்பர் எழுதுகிறார்: "178 அடி நாலு தென்னை என்றால் அது குட்டை ரகம்ங்க. எங்க தோப்புல நெட்டை மரம் ரெண்டரை போதும்." ஏற்றுக்கொள்கிறேன். தென்னை விஷயத்தில் பொள்ளாச்சியோடு வாதாட முடியாது.

ஆகஸ்ட் 16

என் அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எல்லாவற்றுக்கும் எண் வைத்திருப்பான். 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். "மாமா, நீங்க ஈரோட்டுக்குக் கார் ஓட்டிட்டுப் போறப்ப பயப்படுங்க" என்பான்.

எண் சரிதான். கரும்பு லாரிக்குப் பின்னால் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறியிருக்கிறேன், ஒரு கையில் வடையோடு. அதில் எந்த வளைவிலும் எனக்கு வேர்த்ததில்லை. ஸ்டியரிங் என் கையில் இருந்தது, அதுதான் வித்தியாசம். கையில் இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிடப்போகிறேன் என்பது அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாது.

2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் ஜனங்கள் பிளேனுக்குப் பயந்து காரில் கிளம்பினார்கள். அந்த ஒரு வருடத்தில் கூடுதலாக ஆயிரத்து ஐந்நூறு பேர் சாலையில் இறந்திருப்பார்கள் என்று கெர்டு கிகரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் கணக்கிட்டார். இதையும் அவன்தான் சொன்னான். நடுராத்திரியில் முழித்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு இந்த எண் எதுவும் போர்வை ஆகாது.

ஆகஸ்ட் 17, அதிகாலை 2.30

அக்கா மகன் என்று எழுதினேன். அந்த அக்கா இப்போது இல்லை.

மும்பையில் இருந்தாள். 2022இல் ஒருநாள் காலையில் போன் வந்தது. அன்று மத்தியானம் கோவையில் இருந்து விமானம் இருந்தது. சீட்டும் இருந்தது. நான் ரயிலில் போனேன். ஒன்றரை நாள். போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் கொடுத்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24

காது அடைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தத்தை ஆறாயிரத்தில் இருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். ஊட்டி ஏறக்குறைய ஏழாயிரத்து முந்நூறு அடி. ஆக நீங்கள் நாலு மணி நேரம் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், குளிரும் குதிரையும் இல்லாமல். கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது காது அடைக்குமே, அதேதான் இது. எச்சிலை விழுங்குங்கள், புளிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதுதான் எச்சா அடைக்கும்.

செப்டம்பர் 6

"என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். ஒன்றரை மாதமாக இன்ஜினைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் சித்ரா பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்து ஏர்போர்ட் வாசலுக்குப் போனேன். டிக்கெட் இல்லை. வெளியில் நின்று டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். முதல் நாள் அந்த டீயே இறங்கவில்லை. ஐந்தாறு தடவை அப்படிப் போனேன். பார்க்கிங்கில் இருந்த தம்பி டிராவல்ஸ்காரர் என்று நினைத்துக்கொண்டு "சவாரி வருதுங்களா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். நாலாவது தடவையில் டீ இனித்தது.

அப்புறம் பெங்களூருக்கு டிக்கெட். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம். போனதும் அதே நாளில் திரும்புவது, வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், தனியாக. வீட்டில் "எதுக்குங்க காசைக் கொண்டுபோய்க் கொட்டறீங்க" என்றார்கள். சிப்பந்திப் பெண்ணிடம் ஏறும்போதே "எனக்குப் பயம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு 12 வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெண் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனது.

இன்னொன்று. பயம் ஏறும்போது வாட்சைப் பார்க்கச் சொல்லி ஒரு மனநல மருத்துவர் சொல்லியிருந்தார். ஆமாம், போனேன், கோவையில்தான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பதற்றம் உச்சிக்குப் போக எத்தனை நிமிடம், இறங்க எத்தனை நிமிடம். அதை அடக்கப் பார்க்காதே, கைப்பிடியை நெரிக்காதே, மூச்சை மட்டும் இழுத்ததைவிட மெதுவாக விடு, மணியைக் குறித்துக்கொள். அப்படித்தான் சொன்னார். பெங்களூர் போகும்போது முதல் பதற்றம் ஒன்பது நிமிடம். திரும்பும்போது ஆறு. என் டைரியில் இருக்கிறது, தறி ஓடின கணக்குக்குப் பக்கத்திலேயே. பத்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பதற்றமும் உச்சியிலேயே நிற்கவில்லை. அது தெரியாமல் 2011இல் ஒரு மணி நேரம் ஒரு பெரியவர் தொடையை.

அந்தத் திரும்பிய பயணத்தில்தான் முதல் தடவையாகச் சன்னலைப் பார்த்தேன். பவானிசாகர் தண்ணீர் வெயிலில் தகரம் மாதிரி கிடந்தது. எத்தனையோ தடவை அந்த அணைக்கு மீன் சாப்பிடப் போயிருக்கிறேன், அவ்வளவு பெரிசு என்று தெரியாது.

செப்டம்பர் 7

மாத்திரை போடலாமா என்று கேட்டவருக்கு: மருத்துவரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். எனக்கு என் மருத்துவர் தரவில்லை. காரணமாக 1997இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஒரு சோதனையைச் சொன்னார். பறக்கப் பயப்படும் 28 பெண்கள். பாதிப் பேருக்குப் பதற்றத் தணிப்பு மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. முதல் பயணத்தில் மருந்து போட்டவர்கள் நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாரையும் மருந்தில்லாமல் ஏற்றினார்கள். அப்போது முன்பு மருந்து போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்குப் பீதி வந்தது, போடாதவர்களில் 29. மனசு கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தை மாத்திரை தூங்க வைத்துவிட்டது போல.

ஒரு பெக் போட்டுவிட்டு ஏறினால் என்ன என்று கேட்ட திருப்பூர் நண்பருக்கு: முயன்றவன் சொல்கிறேன், வேண்டாம். நெஞ்சு கூடுதலாகப் படபடக்கும், நாக்கு வறளும், பயம் அப்படியே இருக்கும், கூடவே தலைவலியும் வரும்.

செப்டம்பர் 21

ஜூலையில் எழுதியதை மறுபடி படித்தேன். "இதைத் தெரிந்துகொண்டால் முக்கால் பயம் போய்விடும்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன்.

போன வியாழன் சென்னை போனேன். மழை. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிறது, வீடுகளின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, சக்கரம் வெளியில் வந்தாயிற்று. நான் தைரியசாலி மாதிரி ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று இன்ஜின் அலறியது. மூக்கு மேலே தூக்கியது. தொட்டியெல்லாம் சின்னதாகிப் போனது. இது என் பட்டியலில் இல்லை. ஒரு நிமிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கை, கால், உதடு எல்லாம் மரத்துப்போனது, 2011 மாதிரியே.

அப்புறம் விமானி பேசினார். ஓடுபாதை நிலவரம் சரியில்லை, சுற்றி வந்து இறங்குகிறோம் என்றார். இறங்கத் தோதுப்படவில்லை என்றால் மறுபடி ஏறிவிடுவது அவர்களுக்கு வழக்கமான வேலை. சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுவது. பிடிவாதமாக இறக்குவதுதான் ஆபத்து. இதெல்லாம் வீட்டுக்கு வந்து படித்தது. அங்கே எனக்கு எதுவும் தெரியாது. வாட்சைப் பார்த்தேன். எட்டு நிமிடம். எட்டாவது நிமிடம் உதடு திரும்பி வந்தது. விமானம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பட்டியல் போட்டு எல்லாச் சத்தத்தையும் மனப்பாடம் செய்ய முடியாது அக்கா. தெரியாத சத்தம் ஒன்று வந்தே தீரும். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது பட்டியல் இல்லை, வாட்ச்தான். அப்படியானால் நாயைப் பற்றியும் மடலைப் பற்றியும் எழுதியது வீணா? அப்படியும் தோன்றவில்லை. தெரிந்த சத்தங்களுக்குப் பயப்படாமல் மிச்சம் பிடித்த தெம்பு அந்த எட்டு நிமிடத்துக்கு உதவியிருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 22

இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள், தெரியும். கல் மாதிரி விழாது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே வரலாம். 2001இல் அட்லாண்டிக் கடல் மேலே எரிபொருள் கசிந்து இரண்டும் நின்ற ஒரு விமானம் 120 கிலோமீட்டர் அளவுக்குச் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள். தினமும் இறங்கும்போதே வழியில் பெரும்பகுதி இன்ஜினை உறுமாமல் வைத்துத்தான் இறக்குகிறார்கள். திம்பத்தில் லாரிக்காரர்கள் நியூட்ரலில் இறக்குவது போல என்று எழுத வந்தேன். அது தப்பு உதாரணம், அவர்கள் செய்வது குற்றம்.

அக்டோபர் 11

இந்த விவாத இழை முழுக்க மூட்டை முடிச்சுக் கேள்வி ஆகிவிட்டது. பிரசவ லேகியம் விடுவார்களா, நெய் விடுவார்களா, பச்சை நாடன் பழம் விடுவார்களா. ஐயா, நான் தறிக்காரன், சுங்க அதிகாரி இல்லை. தெரிந்தது ஒன்றுதான்: கொப்பரையைப் பெட்டியில் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று 2022இல் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். காங்கேயத்துக்காரர்கள் இதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டு காலையில் இருந்து நாலு பதிவு போட்டிருக்கிறார்கள்.

பண்ணாரியம்மன் புற்றுமண் கொண்டுபோகலாம். என் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். சோதனையில் பிரித்துப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று முன்தினம் அவிநாசி ரோட்டுப் பாலம் திறந்துவிட்டார்கள். உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர், சிக்னலே இல்லை. எனக்கு ஒரு குறை. முன்பெல்லாம் ஏர்போர்ட் போகிற வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்க நேரம் இருந்தது.

அக்டோபர் 28

கோபி அக்கா அனுமதி கொடுத்திருக்கிறார், அதனால் சொல்கிறேன். போன வாரம் வீட்டுக்காரரோடு பெங்களூர் போய்விட்டு அன்றே திரும்பியிருக்கிறார். அக்காவுக்குப் பதற்றம் பதினொரு நிமிடம், வாட்ச் பார்த்துக் குறித்திருக்கிறார். என் பத்து நிமிடக் கணக்கைவிட ஒரு நிமிடம் எச்சு. அப்புறம் கண்ணைத் திறந்திருக்கிறார். பார்த்தால், "உனக்கு வேற வேலை இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்தபடி இருந்தாராம். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவருக்குப் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

அதை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "எதுக்குங்க, பாவம்" என்றார்.

நவம்பர் 9, இரவு 10.15

இன்று ராத்திரி அக்கா கிளம்புகிறார். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன் என்று செய்தி வந்தது. எனக்கு இங்கே வெசனமாக இருக்கிறது. நான் போகும்போது இவ்வளவு இல்லை. தறிச் சத்தத்தையும் மீறிக் காது மேலேயே இருக்கிறது.

கோபியில் இருந்து ஒரு வாசகி, நவம்பர் 10, காலை 8.40

வந்து சேர்ந்தாச்சுங்க. கடல் மேலே ஒரு இடத்தில் நல்ல குலுக்கல், ஏழு நிமிடம். பெல்ட்டைக் கழற்றவே இல்லை. சத்தம் குறைந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டாள், தேனிக்காரப் பொண்ணு, முதல் தடவையாம். வேகத்தைத்தான் குறைக்கிறாங்க கண்ணு, தறி நிக்கலை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நாய் குரைக்கவே இல்லைங்களே?

தறிக்காரன், நவம்பர் 10, காலை 8.52

வேற வகைப் பிளேனா இருக்கும் அக்கா. இல்லைனா தூங்கியிருக்கும். மக எப்படி இருக்கறா?